பதினேழாம் படிவம்

முதல் வரைவின் முதல் வரி:
'தொன்றுதொட்டு இராமநாதபுரம் கடலோரம்
குடிநீருக்குத் தவித்து வருகிறது.'
நெறியாளர் ஷர்மிளா பர்வீன்
'தொன்றுதொட்டு'வைச் சுற்றி
பென்சிலால் ஒரு வட்டம் போட்டு
எந்த வருடத்திலிருந்து
என்று மட்டும் கேட்டிருந்தார்.

மூன்று நாள்
கீழக்கரைக் கல்லூரி நூலகத்தில் தேடினேன்.
மின்விசிறி பழைய அறிக்கைகளை
எனக்கு முன்னே புரட்டிப் பார்த்தது.
வருடம் கிடைக்கவில்லை.
சொல்லை அடித்தேன்.
வரி நொண்டியது.
அப்படியே விட்டேன்.

பிறகு படிவம்.
நாற்பது வீடு, பதினோரு கேள்வி.
ஒரு குடம் பதினைந்து லிட்டர் என்று
அச்சடித்தே கொண்டுபோயிருந்தேன்.
பஞ்சவர்ணக்கா சிரித்தது:
"வாய் வரைக்கும் நெறச்சா
மணல்ல வண்டி குலுங்கயில பாதி போயிரும்.
கழுத்தோட நிப்பாட்டணும்.
அளந்து பாத்துட்டு வா."
அன்று ராத்திரி
எங்கள் வீட்டு நீலக் குடத்தை
லிட்டர் பாட்டிலால் அளந்தேன்.
பதின்மூன்றும் ஒரு டம்ளரும்.
நாற்பது படிவத்திலும் திருத்தியபோது
விரல் வலித்தது.
இரண்டு லிட்டருக்கும் குறைவான ஒரு பொய்க்கு
இவ்வளவு மை.

பதினேழாம் படிவம் எங்கள் வீடு.
பெயர் முத்துராக்கு.
வயது நாற்பத்தைந்தோ ஆறோ.
கிணற்று உப்புத் தண்ணீரில்
நகரை மீன் அலசிக்கொண்டிருந்தாள்.
"தண்ணிக்கு ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"
"ஒனக்குத் தெரியாதாக்கும்."
"தெரியும். நீ சொல்லணும்."
"அரை மணி."

லாரி வரும் ரோட்டோரம், கருவேல நிழலில்
போன ஐந்து நாளும்
செல்போனில் மணி பார்த்தபடி நின்றவள் நான்.
அவள் குடம் வரிசையில் உட்கார்ந்ததிலிருந்து
தள்ளுவண்டி எங்கள் வாசலுக்கு வரும்வரை
இரண்டு மணி பத்து நிமிடம்.
இரண்டு மணி நாற்பது.
ஒரு நாள் லாரியே வரவில்லை,
அதற்கு மூன்று மணி.

"அரை மணி இல்லம்மா."
"குழாயப் பிடிச்சு நிக்கிறது அரை மணிதான்.
மத்தது சும்மா ஒக்காந்திருக்கிறது.
அதையுமா கணக்குல எழுதுவாக?"

என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது,
வாலிநோக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் செய்தது:
'இங்கே பெண்கள் குடத்தில் நீரைச் சுமப்பதில்லை,
காலத்தைச் சுமக்கிறார்கள்.'
நஸீஹா அதை இரண்டு நாள்
வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள்.
அம்மா காலத்தைச் சுமந்து நான் பார்க்கவில்லை.
சும்மா உட்கார்ந்திருந்தாள்.
பக்கத்தில் யாரோ யாருக்கோ பேன் பார்த்தார்கள்.
குழுக் கடன் தவணையை ஒருத்தி
மூன்று முறை எண்ணினாள்.
கல்லைப் போட்டு வைத்த ஓட்டைக் குடம்
இன்னும் வராத ஒருத்திக்காக
இடம் பிடித்திருந்தது.

வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.
பல் பிடுங்கியது போல
கொஞ்ச நாள் நாக்கு
அந்த இடத்துக்கே போய்வந்தது.

மறுபடி நாற்பது வீடு, மூன்று வாரம்.
அட்டவணை ஐந்தில் இப்போது இரண்டு நிரல்கள்:
சொன்ன நேரம், பார்த்த நேரம்.
முப்பத்தொரு வீடு குறைத்துச் சொல்லியிருக்கிறது.
ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்பதை எழுதத்தான்
முடிவுரையில் ஒரு பக்கம் ஆனது.
ஷர்மிளா மேடம் அங்கே
வட்டம் எதுவும் போடவில்லை.

தைத்து வந்த பிரதியை வாங்கி
அம்மா தன் பெயரைத் தேடினாள்.
பெயர் போடக் கூடாது என்றேன்,
வீ-17 என்ற இடத்தைக் காட்டினேன்.
"இது யாரு?"
"நீதான்."
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அரை மணின்னும் போட்டிருக்க,
ரெண்டரை மணின்னும் போட்டிருக்க.
எது நெசம்?"

ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது.
பிரதியை அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு
வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.
பழக்கத்தில் மணி பார்த்தேன்.
ஆறு நாற்பது.
அதற்குப் பிறகுதான்
செல்போனை வைத்துவிட்டு
நீலக் குடத்தை எடுத்தேன்.